வெஸ்லியும் வெலஸ்லியும் ஒரே குடும்பமா?

உவர்மலைப் பொடியன்:
திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் இருந்ததாகச் சொல்லும் பழைய பங்களாவைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். அவர் பிறந்தபோது பெயர் ஆர்தர் வெஸ்லி, பிறகுதான் வெலஸ்லி என்று கண்டேன். நாங்கள் மெதடிஸ்த குடும்பம்; அந்தச் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஞாபகமாக அப்பப்பாவுக்கும் வெஸ்லி என்றே பெயர். இரண்டு வெஸ்லிக்கும் ஏதும் சொந்தமா?

கொட்டியாரக்குடா:
ஒரே பெயர் என்றால் ஒரே பரம்பரைதானே?

பழைய வாத்தியார்:
அப்படிச் சட்டென்று சொல்ல ஏலாது தம்பி. வெலஸ்லி ஊர்ப்பெயர்; இங்கிலாந்தின் சமர்செட்டில் வெல்ஸ் நகரை ஒட்டிய இடம். அந்த ஊர்ப்பெயர் கொண்டவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே அயர்லாந்தில் காணியோடு இருந்தார்கள். அங்கே பெயர் தேய்ந்து வெஸ்லி ஆயிற்று. ஜோன் வெஸ்லியின் ஆட்கள் டோர்செட் பக்கம். அவருடைய தகப்பன் சாமுவேல் இளவயதில் வெஸ்ட்லி என்றுதான் எழுதினார். இரு குடும்பத்துக்கும் ஒரே அடி என்று எவரும் நிரூபிக்கவில்லை.

ஆனால் கதை இனித்தான் இருக்கிறது. அயர்லாந்தில் மீத் பகுதியில் டாங்கன் என்ற பெரிய காணி, உடையவர் கரட் வெஸ்லி, பிள்ளை இல்லை. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஜோனின் தம்பி சார்ல்ஸை, பெயரைப் பார்த்தே வாரிசாக எடுக்கக் கேட்டார். சார்ல்ஸ் மாட்டேன் என்றுவிட்டார். பின்னாளில் 6,000க்கு மேல் கீதங்கள் எழுதியவர். போயிருந்தால் உங்கள் பாட்டுப் புத்தகம் மெலிந்திருக்கும். 1728இல் சொத்து ரிச்சர்ட் கொல்லி என்ற உறவினருக்குப் போனது, அவரும் வெஸ்லி ஆனார். ஆர்தர் அவருடைய பேரன். ஆகவே தகப்பன் வழியில் ஆள் கொல்லி! கொல்லிகளும் 1500 அளவில் இங்கிலாந்தின் ரட்லண்டிலிருந்து போனவர்கள்தான்.

1798இல், அண்ணன் ரிச்சர்ட் இந்தியாவில் ஆளுநர் நாயகமாக இருந்தபோது, ஆர்தரும் வெலஸ்லி என்று கையெழுத்திடத் தொடங்கினார். இன்னொரு அண்ணன் வில்லியம் வேறொரு உறவினரின் சொத்துக் கிடைத்ததும் அவருடைய ‘போல்’ (Pole) என்ற பெயரையும் தன் பெயரோடு சேர்த்திருந்தார். நம்மிடம் சீதனக் காணி கைமாறும். அவர்களிடம் காணியோடு ஆளின் பெயரும் மாறும்.

உவர்மலைப் பொடியன்:
நன்றி சேர். அப்ப வெலிங்டன் எங்கிருந்து வந்தது?

பழைய வாத்தியார்:
அது வில்லியத்தின் வேலை. 1809இல் பட்டம் கொடுக்கும்போது ஆர்தர் ஸ்பெயினில் நின்றார். வெலஸ்லிக்குக் கிட்டக் கேட்கிற ஊராகப் பார்த்து, அதே சமர்செட்டில் வெலிங்டனைப் பிடித்தார் அண்ணன். ஆர்தர் திருகோணமலையில் படை திரட்டி நின்றது 1800 கடைசி, 1801 தொடக்கம். ஆகவே குறிப்பில் வெலஸ்லி என்றே எழுதுங்கள். இன்னொன்று, காய்ச்சலில் இங்கே படுத்ததால் கப்பலைத் தவறவிட்டுத் தப்பினார் என்கிற கதையைச் சேர்க்கவேண்டாம். கப்பல் மூழ்கியது உண்மை, ஆனால் அவருக்குக் காய்ச்சல் கண்டது பம்பாயில்.