லோடு ஏறினால் துண்டிக்கும் வெளி கிராபிக்ஸ் கார்டு: சென்னை ரிச்சி தெருவில் கேபிள் கிடைக்குமா?

லேப்டாப்பின் எம்.2 ஸ்லாட்டிலிருந்து (எஸ்எஸ்டி செருகும் இடம்) ஆக்குலிங்க் (கார்டுகளுக்கான பிசிஐஇ இணைப்பைக் கேபிளில் வெளியே கொண்டுவரும் முறை) அடாப்டர், 50 செ.மீ. கேபிள் வழியாக ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) கிராபிக்ஸ் கார்டை இணைத்திருக்கிறேன். தனி 550 வாட் பவர் சப்ளை. விண்டோஸ் 11 கார்டைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் பிளெண்டர் 3டி மென்பொருளில் ரெண்டர் ஓடிய சில நிமிடங்களில் மானிட்டர் கறுத்து, டிவைஸ் மேனேஜரிலிருந்தே கார்டு மறைந்துவிடுகிறது. ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) வரிசையாக வீயா லாகர் 17 (WHEA-Logger, ஹார்டுவேர் பிழை எச்சரிக்கை). மாதத் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

இதே கார்டும் பவர் சப்ளையும் டெஸ்க்டாப்பில் மணிக்கணக்கில் ஓடுகின்றன. டிரைவரை டிடியூ (டிரைவரை முழுதாகத் துடைக்கும் கருவி) கொண்டு நீக்கி மறுபடி போட்டாச்சு; லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும் (பிசிஐஇ மின்சேமிப்பு) அணைத்தாச்சு. ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) பிசிஐஇ ஜென் 4 (நான்காம் தலைமுறை வேகம்), 4 லேன் (தரவுத் தடம்) காட்டுகிறது. அந்த வேகத்துக்கு இந்தக் கேபிள் நீளம் அதிகம், சிக்னல் தேய்கிறது என்றே நினைக்கிறேன். ஜென் 3-க்கு இறக்க பயாஸில் வழியில்லை.

ரிச்சி தெருவில் ஜென் 4 தாங்கும் 25 செ.மீ. ஆக்குலிங்க் கேபிள் எந்தக் கடையில் கிடைக்கும்?