பூனையின் முதுகு: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களுடன் உங்கள் அனுபவம்

பழந்தாள்:
உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களை நேரில் பார்த்தவர்கள், வாங்கியவர்கள் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில் ஒரு கடை. ஓவியர் ஹிரோஷிகேயின் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ (1856–58; எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) வரிசையில் ஒரு வெள்ளைப் பூனை உண்டு. கணிகையர் வட்டாரமான யோஷிவாராவில் ஒரு விடுதி ஜன்னலில் உட்கார்ந்து, வயல்வெளியில் போகும் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கும். தூரத்தில் ஃபுஜி மலை. திரையில் பார்த்துப் பார்த்துச் சலித்த படம்தான். கடைக்காரப் பெரியவர் அதை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மேல் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன விளக்கைப் போட்டார். அதுவரை வெறும் வெள்ளையாகக் கிடந்த பூனையின் முதுகு தாளிலிருந்து புடைத்துக்கொண்டு எழுந்தது. மை தடவாத கட்டையில் தாளை அழுத்தி எடுத்த மேடு பள்ளம் அது; கராசுரி என்பார்கள்.

பிறகு படத்தைத் திருப்பினார். மை தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. பாரென் என்ற தேய்ப்பான் போன தடம் வளைவு வளைவாகத் தெரிந்தது. விலை என் கைக்கு எட்டவில்லை, அது வேறு கதை. ஆனால் இப்போதெல்லாம் இணையத்தில் எதைப் பார்த்தாலும், பின்பக்கப் படமும் பக்கவெளிச்சப் படமும் கேட்டு வாங்கிய பிறகுதான் விலையே பேசுகிறேன்.

செர்ரிக்கட்டை:
அண்ணே, பின்பக்கம் பாத்தா ஆஃப்செட்னு சொல்ற இயந்திர அச்சா, கை அச்சான்னு தெரியும். பழசா புதுசான்னு தெரியாது. டோக்கியோவில் அடாச்சி நிறுவனம் இன்னைக்கும் மலைச்செர்ரிக் கட்டையில் புதுசா செதுக்கி, கையாலதான் அச்சடிக்குது. அதிலும் பாரென் தடம் இருக்கும், மை ஊறியிருக்கும். அவங்க மறுபதிப்புன்னு சொல்லியே விக்கிறாங்க, அதில் ஒரு தப்பும் இல்லை. நானே ஒண்ணு வாங்கி ஹாலில் மாட்டியிருக்கேன். அதையே கை மாத்தி 1830-களோட பிரதின்னு சொல்றவன்தான் ஆபத்து.

பழசுக்குள்ளேயே முன்பின் உண்டு. ஹிரோஷிகேயோட ‘டோக்கைடோ 53 நிலையங்கள்’ வரிசையில் ஷோனோ மழைப் படத்தை எடுத்துக்கோங்க. ஆரம்பப் பிரதிகளில் குடை மேலே பதிப்பாளர் தகெனோஉச்சி பேர் இருக்கும். பின்னாடி அடிச்சதில் இருக்காது. பின்னாடி வந்த ஓவியர் ஹாசுயியோட படங்களைச் சேர்க்கிறவங்களுக்கு 1923 செப்டம்பர் 1 பூகம்பம்தான் எல்லைக்கோடு. அப்போ எரிஞ்ச தீயில் பதிப்பாளர் வதனபேயோட கட்டைகளும் கையிருப்புப் படங்களும் போயிடுச்சு. அதனாலதான் அதுக்கு முந்தின ஹாசுயி இந்த விலை விக்குது.

சார்ல்ஸ் நதிக்கரை:
பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வில்லியம், ஜான் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-ல் சுமார் 6,500 படங்களைக் கொடுத்தார்கள். ஒன்றைக்கூடக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த ஊரில் இருந்துகொண்டே அவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில்தான் பார்க்கிறேன். முதலில் எரிச்சலாக இருந்தது. அந்த நிறங்களை மற்ற பிரதிகளோடு ஒப்பிட்ட பிறகு எரிச்சல் போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டுப் படங்களில் நம் கானாவாழை இனத்துப் பூ ஒன்றின் நீலத்தையும் குசும்பப் பூச் சிவப்பையும் பயன்படுத்தினார்கள். இரண்டும் வெளிச்சம் பட்டால் நிற்காது. மற்ற இடங்களில் பழுப்பாகப் பார்த்த பல இடங்கள் இங்கே ஊதாவாகவே இருக்கின்றன. ‘பழமையின் மென்மையான நிறம்’ என்று நாம் மெச்சுவது பாதிக்குப் பாதி வெயில் தின்ற மிச்சம்.

பழந்தாள்:
@செர்ரிக்கட்டை, குடை விஷயம் புதுசு, நன்றி. பக்கவெளிச்சம் பற்றி இன்னொன்று: 1794-ல் ஓவியர் ஷராகு வரைந்த நடிகர் முகங்களுக்குப் பின்னால் அப்பிரகப் (மைக்கா) பொடி பூசியிருப்பார்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். ஓரடி நகருங்கள், மின்னும்.

மலைப்பாதை:
நான் ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் ஆள். இந்தியாவைச் சுற்றிவிட்டுப் போய் அவர் போட்ட ‘ஃபதேபூர் சிக்ரி’ (1931) படத்தை ஒரு ஏலக் காட்சியில் கையில் பிடித்துப் பார்த்தேன். ஜாலி என்ற கல் சல்லடை வழியாக உள்ளே வரும் ஆரஞ்சு வெளிச்சம் ஒரே நிறம் இல்லை, மேலே மேலே ஒற்றிய பல அடுக்கு.

வாங்க நினைப்பவர்களுக்கு: இவர் படங்களில் இடப்பக்க ஓரத்தில் ‘ஜிசுரி’ முத்திரை இருக்கிறதா பாருங்கள், அவரே மேற்பார்வையிட்டு அச்சடித்ததன் அடையாளம். கீழே பென்சில் கையெழுத்து இருக்க வேண்டும். அவர் 1950-ல் இறந்த பிறகு அடித்தவற்றில் கையெழுத்தையும் அச்சாகவே குத்தியிருப்பார்கள். சிலர் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பதால், ஓரம் போன யோஷிதாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.