கிரினோலினுக்குத் தமிழ்: கூண்டுப் பாவாடையா, வளையப் பாவாடையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன வாரம் இந்த இழையில், பாவாடை விரிந்து நிற்பதற்காக ஐரோப்பியப் பெண்கள் உள்ளே உடுத்திய 'கிரினோலின்' என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களில் பெண்கள் உடை பற்றி வந்த துணுக்குகளையும் விளம்பரங்களையும் தமிழாக்கி வருகிறேன், 1850, 60களுக்கு வந்ததும் பத்திக்குப் பத்தி இந்தச் சொல் குறுக்கே வருகிறது. ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாம்தான். அப்படியே நாலைந்து பக்கம் எழுதி என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "இது துணியோட பேரா, உடையோட பேரா?" என்று கேட்டார்.

சரியான கேள்வி, ஏனென்றால் அது இரண்டுக்கும் பெயர். பிரெஞ்சில் 'கிரின்' குதிரைமயிர், 'லின்' ஆளிநார்த் துணி. 1840களில் இந்தச் சொல் வந்தால் அது குதிரைமயிரை ஊடையாக (குறுக்கிழையாக)க் கொடுத்து நெய்த விறைப்பான துணியையோ அதில் தைத்த உள்பாவாடையையோ குறிக்கும். 1856-ல் பாரிசில் மில்லியே என்பவர் எஃகு வளையங்களால் ஆன ஒரு சட்டகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் குதிரைமயிர் ஒரு இழைகூடக் கிடையாது, ஆனாலும் பழைய பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆக, பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளியில் வந்த இரண்டு விளம்பரங்கள் ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களை விற்கின்றன. ஒலிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை அப்படியே மூடிவிடும். அதனால் முதலாவதற்குக் குதிரைமயிர்த் துணி, இரண்டாவதற்கு வளையப் பாவாடை என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> கூண்டுப் பாவாடை இன்னும் பொருத்தமாக இல்லையா? பெண்ணைக் கூண்டில் அடைத்த உடைதானே அது.

இந்தப் பதிலை எழுதிய அம்மா, நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் காலத்தவர்களே 'கூண்டு' என்று சொன்னதுண்டு, பார்ப்பதற்கும் கோழிக் கூண்டு போலத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1856-க்கு முன்னால் பாவாடை விரிந்து நிற்க வேண்டுமென்றால் கஞ்சி போட்ட உள்பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து ஆறு கட்ட வேண்டும், அதோடு குதிரைமயிர்ப் பாவாடையும் சேரும். அத்தனை பாரமும் இடுப்பில்தான், நடந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். மெல்லிய எஃகுக் கம்பிக்கு நூலுறை போட்டு, இடுப்பருகே சிறிதாகவும் கீழே போகப் போகப் பெரிதாகவும் வளைத்து, நாடாக்களில் தொங்கவிட்டபோது அந்தப் பாரம் ஒரேயடியாகக் குறைந்தது, கால்கள் உள்ளே தாராளமாக வீசி நடந்தன. வேலைக்காரப் பெண்களும் ஆலைப் பெண்களும்கூட ஆசைப்பட்டு வாங்கி உடுத்தினார்கள். லண்டன் நகைச்சுவை இதழான 'பன்ச்' போன்ற பத்திரிகைகள் வருடக்கணக்கில் கேலிச்சித்திரம் போட்டதில், பணிப்பெண்ணும் எஜமானியைப் போல உடுத்துகிறாளே என்ற எரிச்சலும் கலந்திருக்கிறது. கூண்டு என்று நாம் பெயர் வைத்தால் அதை உடுத்திய பெண்கள் சார்பில் நாம் தீர்ப்பு எழுதிவிட்ட மாதிரி ஆகிவிடும். கலைச்சொல் பொருளைக் காட்டினால் போதும், தீர்ப்பைப் படிப்பவர் சொல்லிக்கொள்ளட்டும்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் கேலிக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல், நோயாளியின் அறைக்குள் இந்த உடை எழுப்பும் சலசலப்பையும், அதில் தீப்பற்றிச் சாகிற பெண்களையும் பற்றிக் கோபத்தோடு எழுதினார். தீ உண்மையான ஆபத்துதான். வளையம் துணியை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்துகிறது, உள்ளே காற்று நிறைந்திருக்கிறது, ஓரம் எங்கே எதில் படுகிறது என்று உடுத்தியவருக்கே தெரியாது. மெல்லிய மஸ்லினில் ஒரு பொறி விழுந்தால் போதும். 1863 டிசம்பர் 8 அன்று சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் ஒரு தேவாலயத்தில் தீப்பிடித்து 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் நெருக்கியடித்து வெளியேற முடியாமல் போனதற்கு அகன்ற பாவாடைகளும் ஒரு காரணம் என்று அப்போதே எழுதினார்கள். இந்தச் செய்தியைத் தமிழில் படிப்பவருக்கு 'வளையப் பாவாடை' என்றால் ஏன் அப்படி ஆனது என்று பாதி புரிந்துவிடும், 'கிரினோலின்' என்றால் ஒன்றும் புரியாது. எனக்கு இதுதான் முக்கியமான காரணம்.

> குடைப்பாவாடை என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே, ஏன் புதிதாக?

அது நம் தையல்கடைகளில் இன்றைக்குப் புழங்கும் சொல், உள்ளே சட்டகம் எதுவும் இல்லாமல் வெட்டிலேயே விரியும் பாவாடைக்கு. இரண்டையும் குழப்பக்கூடாது. இன்னொன்று, குடை வடிவம் முதல் சில வருடங்களுக்குத்தான். 1860-க்குப் பிறகு முன்பக்கம் தட்டையாகி அகலமெல்லாம் பின்னால் போயிற்று, 1868 வாக்கில் முன்புற வளையங்களே இல்லாமல் போயின. வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் பத்து வருடத்தில் பெயர் பொய்யாகிவிடும். வளையம் மட்டும் கடைசிவரை இருந்தது.

ஆங்கிலத்திலும் 'வளையம்' என்ற பெயர் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 1860-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் கோர்ட்டால்டு நெசவாலை தன் தொழிலாளர்களுக்கு ஒட்டிய அறிவிப்பில், 'வளையங்கள், அதாவது கிரினோலின் என்று சொல்லப்படுவது' ஆலை வேலைக்கு ஒத்துவராது, வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அமெரிக்கத் தாள்களில் 'வளையப் பாவாடை' என்பதற்கு நேரான சொல்லே அதிகம். இதனால் தேடும்போது ஒரு தொல்லை உண்டு: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தொகுப்பில் வளையம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டால் பீப்பாய் வளைய விளம்பரங்கள் வந்து குவியும், பாவாடையையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

அப்புறம், 1710-ல் லண்டன் 'டாட்லர்' இதழில் ஒரு பெண்ணின் அகன்ற பாவாடையை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பதாக ஒரு கட்டுரை வந்தது. அதுவும் வளையப் பாவாடைதான், எஃகு வளையம் வருவதற்கு முந்திய காலத்தது. ஆகவே பொதுப்பெயராக வளையப் பாவாடை, 1856-க்குப் பிந்தியதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எஃகு வளையப் பாவாடை. இது வெளியே தெரியும் உடை இல்லை, உள்ளே போடுவது, எனவே 'உள்பாவாடை' என்றே வரவேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் வீடுகளில் புடவைக்கு உள்ளே கட்டுவதையும் பாவாடை என்றுதானே சொல்கிறோம், அதனால் நீட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

'ப்ளூமர்' (குட்டைப் பாவாடையும் அதன் கீழே தொளதொளப்பான கால்சட்டையும் சேர்ந்த பெண்கள் உடை) விஷயத்தில் ஒலிபெயர்ப்பே சரி. 1851-ல் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்சில் 'லில்லி' என்ற பத்திரிகை நடத்திய அமீலியா ப்ளூமர் அந்த உடையை ஆதரித்து எழுதினார், மற்றத் தாள்கள் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டன. அதை முதலில் உடுத்தியவர் எலிசபெத் ஸ்மித் மில்லர். கால்சட்டைப் பாவாடை என்று தமிழாக்கினால் அந்தப் பெயர் வந்த கதையே போய்விடும்.

கடைசியாக ஒன்று பாக்கி. 1870களில் பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திய 'பஸ்ஸில்'. பஞ்சோ மயிரோ அடைத்த வகைக்குப் 'பின்திண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன், திண்டு என்றால் நம்மவர்களுக்கு உடனே தெரியும். ஆனால் அதே பெயரில் கம்பிச் சட்டகமாகவும் ஒரு வகை இருந்தது, அதைத் திண்டு என்று சொல்ல முடியவில்லை. 'பின்சட்டகம்' எழுதிப் பார்த்தேன், நாற்காலியின் பாகம் போல இருக்கிறது. தையல் தெரிந்தவர்கள் யாராவது இந்த இடத்தில் கைகொடுங்கள், மற்றதை இந்த ஞாயிறு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.