தோட்டா கிளம்பும் வேகமும் போய்ச் சேரும் வேகமும்: மூவரின் அனுபவங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து, கிரானைட் தொழிலில் இருப்பவர்:

நம் பகுதிக் கிரானைட் குவாரிகளில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, நமீபியாவில் கரிபிப் என்னும் ஊருக்கு அருகே ஒரு பளிங்குக் குவாரியில் மேற்பார்வையாளராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடை செய்யப்பட்டது. நான் சொல்லப்போவது அந்த நாட்டுப் பண்ணை நிலத்தில், முறையான அனுமதியுடன், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு சென்ற வேட்டையைப் பற்றி. கனடாவில் இருக்கும் பாலக்கோட்டுத் தம்பி, தொலைவிலிருந்து பெரிய விலங்கைச் சுட எந்தத் தோட்டாவை வாங்குவது என்று கேட்டிருந்தார். அவருக்கு என் முதல் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் வாங்கியது .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளுக்கான 150 கிரெயின் தோட்டா (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு). குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் வேகத்தில் கிளம்பும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. கடையில் இருந்தவற்றில் அதுவே அதிக வேகம் என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. வெட்டவெளி நிலம், எப்படியும் 300 மீட்டருக்கு அப்பாலிருந்துதான் சுட வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு, 200 கிலோவுக்குக் குறையாத ஆண் குடு இரலை ஒன்று, முட்புதருக்குள்ளிருந்து அறுபது தப்படி தூரத்தில் வெளியே வந்து நின்றது. முன்தொடைக்கு நேர் மேலே தோள் எலும்பில் குண்டு பட்டது. விலங்கு தடுமாறியது, விழவில்லை. சொட்டுச் சொட்டாகக் கிடந்த இரத்தத்தையும் குளம்புத் தடத்தையும் பார்த்துக்கொண்டே மாலை நான்கு மணி வரை நடந்து, இரண்டாவது தோட்டாவில்தான் அதன் துன்பத்தை முடித்தோம்.

தோலுரித்தபோது தோளில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சதை சிதைந்திருந்தது. ஆனால் காயம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கவே இல்லை. எலும்புச் சில்லுகளுக்கு நடுவே குண்டின் செம்பு உறை வெங்காயச் சருகு போலச் சுருண்டு கிடந்தது. பண்ணைக்காரர் வெடிமருந்து நிறுக்கும் தராசில் அதை வைத்தார். ஈயத் துணுக்கையும் சேர்த்து 58 கிரெயின்தான் மிஞ்சியிருந்தது. அந்த எட்டு மணி நேர வலிக்கு என் தேர்வே காரணம் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட சாதாரண வேட்டைக் குண்டு, மிகுந்த வேகத்தோடு அருகிலேயே எலும்பில் மோதினால் நொறுங்கிவிடும். அதே குண்டு வெகுதூரம் சென்று வேகம் இழந்துவிட்டால், விரிய வேண்டிய இடத்தில் விரியாமல், ஊசி போல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். பல வேட்டைக் குண்டுகள் விரிய நொடிக்கு 550 மீட்டர் வேகமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே குண்டு எந்த வேகத்தில் கிளம்புகிறது என்பதைவிட, நாம் சுடக்கூடிய மிகக் குறைந்த தூரத்திலும் மிக அதிக தூரத்திலும் எந்த வேகத்தில் போய்ச் சேருகிறது, அந்த இரண்டு வேகத்தையும் அதன் கட்டமைப்பு தாங்குமா என்பதையே பார்க்க வேண்டும். இதற்காகவே நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நாஸ்லர் பார்ட்டிஷன் என்னும் குண்டு 1948இல் வந்தது. ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டிய குண்டுகளும், முழுவதும் செம்பாலான குண்டுகளும் பின்னர் வந்தன. செம்புக் குண்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இறைச்சியிலும் குடலிலும் தங்கும் ஈயத் துகள்களைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது.

அடுத்த ஆண்டு .30-06 ரைஃபிளுக்கு மாறி, 180 கிரெயின் செம்புக் குண்டை எடுத்துக்கொண்டேன். 210 மீட்டரில் நின்ற ஜெம்ஸ்பாக் இரலை முப்பது தப்படிக்குள் விழுந்துவிட்டது. மறுபக்கத் தோலுக்கடியில் கிடைத்த குண்டு இட்லிப்பூவைப் போல நான்கு இதழ்களாக விரிந்திருந்தது. எடை 178 கிரெயின்.

இந்தக் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 400 மீட்டர் தூரத்தில் நொடிக்கு 575 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு முழமும், 400 மீட்டரில் இரண்டு முழத்துக்கு மேலும் தாழ்ந்துபோகிறது. தாழ்வைக் கணக்கிட்டு ஸ்கோப்பை, அதாவது ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருப்பிவிடலாம். காற்றை அப்படிப் பிடிக்க முடியாது. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று, 300 மீட்டரில் குண்டை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிவிடும். 400 மீட்டர் போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். ஆகவே என் எல்லை 250 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

தர்மபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற ராணுவத்தினர்:

கிருஷ்ணகிரி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம், ராணுவத் தோட்டாவே வலிமையானது, அதைவிட வேட்டைக்கு வேறு என்ன வேண்டும் என்று உறவினர்கள் கேட்பார்கள். அது தவறான எண்ணம். நான் பணியில் சுட்ட 7.62 மி.மீ. தோட்டாவில் குண்டின் முனை முழுவதும் உறையிட்டிருக்கும். உடலுக்குள் விரியாதபடியே அது செய்யப்படுகிறது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்த விரியும் குண்டுகள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. வேட்டையில் நியாயம் நேர்மாறானது: விலங்கு விரைவாக விழ வேண்டும் என்பதால் குண்டு விரிந்தே ஆக வேண்டும், முழு உறைக் குண்டை மான் வேட்டைக்குத் தடை செய்த நாடுகளும் உண்டு. தம்பி விலை மலிவு என்று ராணுவ வகைத் தோட்டாவை வாங்கினால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்கோப்பைச் சரிசெய்வது, காட்டுக்குக் கொண்டு போகும் அதே தோட்டாவில், அதே லாட்டில் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றில்) நடக்க வேண்டும். லாட் மாறினால் குறியும் சற்று மாறுவதை நான் துப்பாக்கிச் சுடுதளத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆல்பர்ட்டாவிலிருந்து, பாலக்கோட்டைச் சேர்ந்தவர்:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு, ஈயமும் உறையும் ஒட்டிய 180 கிரெயின் தோட்டாவில் ஒரே லாட் எண் உள்ள நான்கு பெட்டிகளை வாங்கி, செப்டம்பரில் 20 டிகிரி வெயிலில் 300 மீட்டர் வரை குறி சரிசெய்தேன். நவம்பரில் வேட்டைக்குக் கிளம்பும் முன் மைனஸ் 15 டிகிரியில் அதே பலகையில் மீண்டும் மூன்று தோட்டாக்களைச் சுட்டபோது, மூன்றும் நான்கு விரற்கடை கீழே பட்டன. குளிரில் வெடிமருந்தின் வேகம் குறைகிறது, காற்றும் அடர்ந்துவிடுகிறது என்று சுடுதளப் பெரியவர் விளக்கினார். அன்று சோதித்துப் பார்க்காமல் போயிருந்தால் அந்த வித்தியாசத்தை ஓர் உயிரின் மீதுதான் தெரிந்துகொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் 320 மீட்டரில் ஓர் எல்க் மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. காற்று விட்டுவிட்டு அடித்தது. அண்ணாவின் சாண் கணக்கு நினைவுக்கு வரவே, ரைஃபிளை எடுக்காமல் பனிச்சரிவின் பின்பக்கமாக முக்கால் மணி நேரம் ஊர்ந்து 140 மீட்டருக்கு நெருங்கினேன். ஒரே தோட்டாவில் விழுந்துவிட்டது. அந்த லாட்டில் இன்னும் நாற்பத்தொன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு முன் மீண்டும் குளிரிலேயே சோதித்துவிட்டு எழுதுகிறேன்.