மறு: ‘லைட் ரெயில்’ – எடையை விட்டுவிட்டுப் பெயர் தேடுவோம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நகரச் சாலைகளில் ஓடும் ‘லைட் ரெயில்’ (light rail) வண்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு திரும்பவும் படித்தேன். இலகு தொடருந்து, இலகுரக ரயில், மென்தொடரி, சிறுதொடரி என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன (தொடருந்து, தொடரி இரண்டும் ரெயிலுக்கான தமிழ்ச் சொற்கள்). நான்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லி, ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. நான் இருப்பது கனடாவில், டொரொன்டோ நகரின் ஸ்காபரோ பகுதியில், எக்ளிங்டன் வீதியும் பேர்ச்மவுன்ட் வீதியும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட. 2011இல் எக்ளிங்டன் வீதி லைட் ரெயில் பாதையின் வேலை தொடங்கியது. 2020இல் வண்டி ஓடும் என்றார்கள். அந்த ஆண்டும் போய், அதற்குப் பிறகும் ஆண்டுகள் போயின. அவ்வளவு காலமும் எங்கள் கட்டடத்து முதியவர்கள் பால்கனியில் நின்று, வீதியின் நடுவைக் கிண்டுவதையும் தண்டவாளம் பதிப்பதையும் மேலே மின்கம்பி இழுப்பதையும் நாள் தவறாமல் பார்த்தார்கள். வெள்ளோட்டத்துக்காக வெறும் வண்டி முதல்முதல் போன அன்று, கீழ்த்தளத்து ஐயா ஒருவர் கதவு கதவாகத் தட்டிச் சொன்னார்.

அவர்களுக்காக ஒருபக்க வழிகாட்டி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். கெனடி நிலையத்தில் 2ஆம் பாதைச் சப்வேயும் (சுரங்க ரயில்), புறநகர்களுக்குப் போகும் கோ ரெயினும், 5ஆம் பாதையான இந்த லைட் ரெயிலும் சந்திக்கின்றன. மூன்றும் தண்டவாளத்தில் ஓடுபவை. ‘ரெயினில் ஏறுங்கள்’ என்றால் எந்த ரெயினில்? ‘இலகு ரெயில்’ என்று மாற்றிப் பார்த்தேன். எங்கள் இலங்கைத் தமிழ்ப் பேச்சில் இலகு என்றால் சுலபம். அதைப் படித்த அம்மா ஒருவர், ஏறி இறங்கச் சுலபமான வண்டியா, படி இல்லையா என்று கேட்டார். (படி இல்லைதான், தாழ்தள வண்டி. ஆனால் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.) இன்னொருவர், 2023 ஜூலையில் தடம்புரண்டு, பிறகு திறக்கப்படாமலே போன ஸ்காபரோவின் பழைய ஆர்.ரி. ரெயில் திரும்ப வருகிறதா என்றார்.

இலகுரகத்திலும் இதே சிக்கல்தான். இலகுரக வாகனம், கனரக வாகனம் என்று ஓட்டுநர் உரிமத்தில் படித்துப் பழகியவர்களுக்கு அது நேரே எடையைத்தான் சொல்லும். ஆனால் இங்கே ஓடும் ஒரு வண்டியின் நீளமே சுமார் 30 மீட்டர். அதை எடை குறைந்தது என்று எந்தக் கண்ணும் ஒப்பாது.

ஆங்கிலச் சொல்லிலும் எடை என்ற பொருள் முதலிலிருந்தே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1972இல் அமெரிக்க அரசின் நகரப் போக்குவரத்துத் துறையினர் இந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது ஜெர்மனியின் ‘ஷ்டாட்பான்’. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நகரத் தடம். அதை அப்படியே எடுக்காமல், சப்வே அளவுக்குக் கூட்டத்தையும் கட்டுமானத்தையும் கேட்காத ஒன்று என்ற கருத்தில் ‘லைட்’ என்று போட்டார்கள். மூலத்தில் இல்லாத ஓர் அடையை ஆங்கிலம் தன் வசதிக்குச் சேர்த்துக்கொண்டது. அதை நாம் ஏன் எடைத் தட்டில் வைத்துத் தமிழாக்க வேண்டும்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘இலகு ரயில்’ வழக்கில் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறது, அங்கே அது நிலைக்கட்டும். ஆனால் அங்கே ஓடுவது என்ன? சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வண்டி, உயரத்தில் கட்டிய கொங்கிரீட் தடத்தில் ரப்பர் சக்கரத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. கோலாலம்பூரின் கெலானா ஜெயா வண்டி, எங்கள் பழைய ஆர்.ரி.யோடு ஒரே குடும்பம். தண்டவாளங்களுக்கு நடுவே தகடு பதித்து நேர்கோட்டு மோட்டாரால் இழுபடுவது. எக்ளிங்டனில் ஓடுவதோ மேல்கம்பியில் மின்சாரம் எடுத்து, சிக்னலில் நின்று, சந்தியைக் கடந்து போவது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எல்.ஆர்.ரி. (லைட் ரெயில் ட்ரான்சிட்) என்ற அதே மூன்றெழுத்து. நாம் அந்த எழுத்துகளுக்குப் பெயர் வைக்காமல், கண்முன்னே ஓடும் பொருளுக்கு வைப்போம்.

மென்தொடரியைப் பற்றி ஒரு சொல். மென்பொருள் நிலைத்ததால் இதுவும் நிலைக்கும் என்று அன்பர் ஒருவர் நம்புகிறார். ஆனால் மென்+தோள் மென்றோள் ஆவதுபோல, புணர்ச்சிப்படி இது ‘மென்றொடரி’ ஆகும். வாயில் வராது. புணர்க்காமல் விட்டாலும், மெத்தென்ற வண்டி என்றுதான் கேட்பவர் நினைப்பார். சிறுதொடரி பூங்காவில் பிள்ளைகள் ஏறும் வண்டியை நினைவூட்டுகிறது.

சரி, என் முன்மொழிவு: சாலைத்தொடரி.

தொடருந்தும் நல்ல சொல்தான், எங்கள் பக்கத்தில் பழகியது. கூட்டுச்சொல்லில் நீளும் என்பதால் மட்டும் தொடரியை எடுத்தேன். ‘வீதி’ எங்களுக்குப் பெரிய பாதை, தமிழ்நாட்டில் பலருக்குச் சிறிய தெரு. ‘சாலை’ இரண்டு பக்கத்துக்கும் பொது. வண்டி சாலையின் நடுவில் போவதால் நடுத்தெருவை வைத்தும் யோசித்தேன். ஆனால் நடுத்தெருவில் விடுவது என்றால் தமிழில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் வேண்டாம்.

இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, 19 கிலோமீட்டர் பாதையில் சுமார் 10 கிலோமீட்டர் நிலத்துக்கடியில் போகிறதே, அது எப்படிச் சாலைத்தொடரி ஆகும் என்பது. சப்வேயைச் சுரங்க ரயில் என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். அது விக்ரோரியா பார்க், வோர்டன் நிலையங்களில் வெயில் படத்தான் நிற்கிறது. ஒரு பெயர் முழு நீளத்தையும் மூட வேண்டியதில்லை. மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் குணத்தைச் சொன்னால் போதும். சப்வே ஒருநாளும் சாலைச் சிக்னலில் நிற்காது, இது நிற்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. குயின் வீதியில் ஓடும் ஸ்ரீட்காரும் சாலையில்தானே போகிறது? அதற்கு டிராம் இருக்கிறது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியதை மக்கள் டிராம் என்றே சொன்னார்கள், கொழும்பிலும் அப்படித்தான். டிராமுக்கு அமிழ் தண்டூர்தி என்று பெயர் வைத்துப் பார்த்தவர்களின் உழைப்பை மதிக்கிறேன், ஆனாலும் டிராம் தமிழாகிவிட்டது என்றே நினைக்கிறேன். குயின் வீதி டிராம் பெரும்பாலும் கார்களோடு ஒரே தடத்தில் நெரிபடுகிறது. எக்ளிங்டனில் கார் ஏற முடியாத தனித்தடம். தண்டவாள இடைவெளியே வேறு: டிராமுக்கு 1,495 மில்லிமீட்டர், இதற்கு 1,435. ஒன்று மற்றதன் பாதையில் ஓடாது. ஆகவே வரையறையை இப்படி எழுதலாம்: சாலை மட்டத்தில், தனக்கென ஒதுக்கிய தடத்தில், சந்திகளைக் கடந்து ஓடும் மின்தொடரி, தேவையான இடத்தில் நிலத்தடியிலும் போகலாம்.

அப்புறம் இன்னொரு சின்னக் கேள்வி. நிலத்தடியில் உள்ளவற்றை நிலையம் என்கிறேன். கோல்டன் மைல், பேர்ச்மவுன்ட், அயன்வியூ போலச் சாலையில் இருப்பவற்றுக்குத் ‘தரிப்பிடம்’ என்று எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது விளங்குமா, ‘நிறுத்தம்’ என்று மாற்றவா?

வழிகாட்டியின் முதல் வரிகள் இப்போது இப்படி இருக்கின்றன:

“கெனடியில் சப்வேயை விட்டு இறங்கியதும், 5 என்று எழுதிய செம்மஞ்சள் வட்டத்தைத் தேடுங்கள். அதுதான் சாலைத்தொடரி. முதல் தரிப்பிடம் அயன்வியூ, அடுத்தது பேர்ச்மவுன்ட்.”

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பேர்ச்மவுன்ட் சந்தியிலிருந்து