அதிபர் கதிரையில இருந்து விசில் ஊதலாமா?

வாவிக்கரை:
உடற்கல்வி ஆசிரியராக வந்து, 15, 20 வருடம் பிள்ளைகளைப் பயிற்றுவித்து, பிறகு பாடசாலை அதிபர் சேவைக்குள் போனவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் பின்னேரம் 3.30க்கு இன்னும் விசிலோடுதான் நிற்கிறார்கள். ஊர் மெச்சுகிறது. நான் மெச்சவில்லை. அதிபராகப் பொறுப்பேற்ற முதல் தவணையிலேயே விசிலை இன்னொரு ஆசிரியரிடம் கைமாற்ற வேண்டும்.

நேரமில்லை என்பதல்ல என் காரணம். கையொப்பம்தான் காரணம். கல்வி வலயப் போட்டிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் பிள்ளையின் பிறந்த திகதியை உறுதிப்படுத்துவது அதிபர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும் அவரே. பந்தும் ஈட்டியும் வாங்க அனுமதிப்பவரும் அவரே. பயிற்றுவிப்பாளர் அடித்தார், ஏசினார் என்று ஒரு தாய் முறையிட வந்தால் அவரையே தேடி வரவேண்டும். கேட்பவரும் கொடுப்பவரும் விசாரிப்பவரும் ஒருவரானால் அந்தத் தாய் எங்கே போவார்?

பழஞ்சப்பாத்து:
இந்தக் கதைய மட்டக்களப்பு வெபர் மைதானத்து வாசல்ல நிண்டு சொல்லுங்க அண்ணன். அந்த மைதானத்துக்குப் பேரே ஒரு பயிற்றுவிப்பாளர்ட பேர். அமெரிக்காவில இருந்து வந்த யேசு சபைத் துறவி, புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாரப் பல பத்தாண்டு ஓட வெச்சவர். 1990 ஆகஸ்ட் 15ல காணாமப் போன ஹெபர்ட் அடிகளாரும் அப்படித்தான், கூடைப்பந்தாட்டமெண்டா இண்டைக்கும் அவர்ர பேரச் சொல்லுவாங்க. ரெண்டு பேரையும் ஊர் இண்டைக்கும் நினைக்கிறது மைதானத்தாலதான்.

பயிற்றுவிச்சவர் அதிபரானா என்ன நடக்கும் தெரியுமா? கடைசிப் பாடத்த உடற்கல்வியா நேரசூசியில போடுவார். தண்ணி ரேங்க் மைதானப் பக்கம் வரும். புல்லு வெட்ட ஆள் வரும். வேற அதிபர்மாரிட்ட இதுக்குக் கடிதம் எழுதியே ஒரு தவணை போயிரும்.

கல்முனைக் காக்கா:
தம்பி, துறவிகளை இதற்குள் இழுக்காதீங்க. அவங்களுக்குக் குடும்பமில்லை, கல்லூரிதான் வீடு. நீண்ட காலம் இருந்தாங்க. அரச அதிபருக்கு இடமாற்றம் வரும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போனால் பின்னேரப் பயிற்சி அண்டைக்கே நின்றுவிடும். ஒருவருக்குள் மட்டும் இருக்கும் பயிற்சி அவரோடேயே போகும். என் பயம் அதுதான்.

நேரசூசி பற்றி நீங்க சொன்னது சரி, அதை மறுக்கவில்லை. எங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கு. நோன்பு இப்போ பெப்ரவரி, மார்ச் வாக்கில் வருது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போ விடுமுறை, பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை நடக்கும். மாரி வெள்ளம் தைப்பொங்கல் வரைக்கும் மைதானத்தை விடாது. ஆக, இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குக் கிடைப்பது சில கிழமைகள்தான். அந்த நெருக்கடியில் நாட்காட்டியை அசைக்கத் தெரிந்த அதிபர் வேணும். ஆனால் அசைக்கத் தெரிவது ஒன்று, தானே நின்று ஓட வைப்பது இன்னொன்று.

சுண்ணாம்புக்கோடு:
கைமாற்றுங்க எண்டு லேசாச் சொல்றீங்க. கைமாறும்போது முதல்ல பிழைக்கிறது மைதானக் கோடு. அத யாரும் இங்க பேசல்ல.

நம்மட பாடசாலைகளில 400 மீற்றர் சுற்றுக்கு இடமில்ல. 200 மீற்றர்தான் போடுறது. நேர்ப்பகுதி 40 மீற்றர் வெச்சா, ரெண்டு வளைவுக்கும் 120 மீற்றர். ஓடுற கோட்டின்ர ஆரம் 19.10. உள்கோட்டில இருந்து 20 செ.மீ. தள்ளித்தான் அளக்கிறதால சுண்ணாம்பு விழவேண்டியது 18.90ல. ஒரு சுவடு, அதாவது ஒரு பிள்ளை ஓடுற பாதை, 1.22 மீற்றர் அகலம். ஆறு சுவட்டுக்கு நீளம் 93, அகலம் 53 மீற்றர் அளவு வேணும்.

புது ஆசிரியர் என்ன செய்வார்? புத்தகத்தில இருக்கிற 400 மீற்றர் மைதான அட்டவணையப் பார்த்து, 200 மீற்றர் ஓட்டத்துக்கு, வெளிச் சுவட்டில வளைவு நீளமெண்டதால, ரெண்டாம் சுவட்டின்ர தொடக்கக் கோட்ட 3.52 மீற்றர் முன்னுக்குப் போடுவார். அது அரைச் சுற்றுக்குரிய கணக்கு. நம்மட மைதானத்தில 200 மீற்றர் ஒரு முழுச் சுற்று. அதே அட்டவணையில முழுச் சுற்றுக்கு இருக்கிற 7.04ம் பிழை, அது உள்விளிம்பில உயர்ந்த கட்டு உள்ள மைதானத்துக்கு. வெறும் சுண்ணாம்புக் கோட்டுக்கு ரெண்டாம் சுவட்டில 7.67, மறுகா மூண்டில இருந்து ஆறு வரைக்கும் 15.33, 23.00, 30.66, 38.33. 7.04 போட்டா ரெண்டாம் சுவட்டுப் பிள்ளை 63 செ.மீ. கூட ஓடும். 3.52 போட்டா நாலு மீற்றருக்கு மேல. அழுதுகொண்டு வார பிள்ளைக்கு ஏன் தோத்ததெண்டே தெரியாது.

நைலோன் கயிற்றால வளைவு கீறுறதும் வேணாம். இழுபட்டு ஆரம் 10 செ.மீ. கூடினா சுற்று 63 செ.மீ. கூடிரும். உருக்கு நாடா, இல்லாட்டி கட்டுக்கம்பி. நீத்தின சுண்ணாம்பும் வேணாம், ஈரக் காலில பட்டா புண், கண்ணில பட்டா ஆஸ்பத்திரி. டொலமைட் மா போதும்.

வாவிக்கரை:
சுண்ணாம்புக்கோடு, நீங்கள் எழுதியது என் வாதத்துக்கே உதவுகிறது. இத்தனையும் ஒரு தலைக்குள் இருப்பதுதான் பிழை. ஒரு கொப்பியில் இருந்தால் எந்த ஆசிரியரும் போடலாம்.

பழஞ்சப்பாத்து:
கொப்பி ஓட வைக்குமா அண்ணன்? ஒரு பிள்ளை நேற்று வேகமா 150 மீற்றர் நாலு தரம் ஓடினா, இண்டைக்கு அத விடணும். அடுத்த கடும் பயிற்சிக்கு 48 மணித்தியாலம் வேணும். நடையப் பார்த்தே தொடைப் பின்தசை இறுகியிருக்கெண்டு சொல்ற கண்ணு கொப்பியில வராது. பொறுப்புக் குடுத்த ஆளுக்கு அது தெரியாட்டி, இல்லப் போட்டி, வலயம், மாகாணமெண்டு மூண்டுக்கும் ஒரே பிள்ளைய ஏத்தி, மாகாணத்தில நொண்ட வைப்பாங்க.

கல்முனைக் காக்கா:
அந்தக் கண் வேண்டும்தான். அதற்கு அதிபர் கிழமைக்கு ஒரு நாள் மைதானத்துக்கு வரட்டும், புதியவர் பயிற்சி கொடுக்கட்டும், இவர் பார்த்துச் சொல்லட்டும். ஆறு நாளும் தானே நின்றால் புதியவர் கூம்பு அடுக்கும் ஆளாகவே ஓய்வு பெறுவார்.

இன்னொரு சிக்கல். பிள்ளை வெயிலில் விழுந்து, பேச்சுத் தடுமாறி, உடம்பு கொதிக்குது என்று வைங்க. முதல் வேலை அங்கேயே குளிர்ந்த தண்ணீரில் நனைப்பது, அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. பயிற்சி கொடுப்பவர் பிள்ளையோடு நிற்க வேணும். அதிபர் பெற்றோருக்கும் வலயத்துக்கும் பேச வேணும். ஒரே ஆள் ரெண்டையும் செய்தால் ஒன்று பிந்தும். பிந்துவது பெரும்பாலும் தண்ணீர்தான், ஏனென்றால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

பழஞ்சப்பாத்து:
காக்கா, இதுக்கு என்னட்ட பதிலில்ல. ஒத்துக்கொள்றன். ஆனா முதல் தவணை எண்டது அநியாயம். ஒரு முழு வருசம் வேணும், மாரி தொடங்கி மாகாணப் போட்டி வரைக்கும்.

வாவிக்கரை:
ஒரு வருடத்துக்குச் சம்மதிக்கலாம். அப்படியானால் பிறந்த திகதி அத்தாட்சியை அந்த வருடம் பிரதி அதிபர் பார்க்கட்டும். முறைப்பாடும் அவரிடம் போகட்டும், பாடசாலைச் சம்பவங்களைப் பதியும் லொக் புத்தகத்தில் அவரே எழுதட்டும். இது இல்லாமல் நான் இறங்கி வரமாட்டேன்.

பழஞ்சப்பாத்து:
பிரதி அதிபர் அதிபருக்குக் கீழதானே? பயந்து பயந்து எழுதுவார்.

வாவிக்கரை:
பயந்து எழுதினாலும் எழுத்தில் இருக்கும்.

சுண்ணாம்புக்கோடு:
சண்டைய நீங்க பிடிங்க, கொப்பியில என்ன இருக்கோணுமெண்டு நான் சொல்றன். நேரம் எழுதினா கைக்கடிகாரமா இலத்திரனியலா எண்டு பக்கத்தில போடுங்க. கைநேரம் 12.31 செக்கன் எண்டு காட்டினா 12.4 எண்டுதான் பதியிறது, மேலதான் கூட்டுறது. மூண்டு கடிகாரம் மூண்டு விதமாக் காட்டினா நடுநேரம். ரெண்டுதான் இருந்தா கூடின நேரம். 100 மீற்றர், 200 மீற்றர் கைநேரத்த இலத்திரனியலோட ஒப்பிட 0.24 செக்கன் கூட்டணும். இது தெரியாம கொப்பியப் பார்த்த புது ஆள், பிள்ளை பின்னுக்குப் போயிற்றெண்டு அடிச்சு ஓட விடுவார்.

100 மீற்றர் பாதை எந்த மூலையில இருந்து எந்த மூலைக்கு எண்டும் எழுதுங்க. தொடக்கக் கோட்டுக்குப் பின்னுக்கு 3, முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீற்றர், மொத்தம் 120. அந்தச் சுற்றுக்கு வேண்டியத விடக் கொஞ்சம் பெரிய மைதானத்தில மூலைவிட்டமாப் போட்டாத்தான் கிடைக்கும். இல்லாட்டிப் பிள்ளை மதிலில போய் நிக்கும்.

எல்லாத்துக்கும் மேல, வளைவின்ர ரெண்டு மையத்திலயும் புதைச்ச இரும்பு ஆணி. அரை அடி ஆழத்தில, மேல மண். எந்தத் தூணில இருந்து எத்தின மீற்றர், எந்த மரத்தில இருந்து எத்தின மீற்றர் எண்டு ரெண்டு அளவும் குறிக்கோணும். மரத்த வெட்டிருவாங்க, தூண் நிக்கும். அது தெரிஞ்சா ஒரு காலையில கோடு போடலாம். தெரியாட்டி முழு நாளும் மைதானத்தக் கிண்டணும்.

கல்முனைக் காக்கா:
அந்த ஆணி எங்கே இருக்கு என்று இப்போ எத்தனை அதிபர்மாருக்கு எழுத்தில் இருக்கு?

பழஞ்சப்பாத்து:
எழுத்திலயா காக்கா? காலால தட்டிப் பார்ப்பாங்க.