பேஸ்மென்ட் கழிவுநீர் சம்ப்: 5 ஹெச்பி மோட்டார் போட்டால் சரியாகுமா?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். எங்களுடையது 24 வீடு, ஐந்து மாடி, கீழே கார் பார்க்கிங். எல்லா வீட்டுக் கழிவுநீரும் பேஸ்மென்ட் சம்ப்பில் விழுந்து, அங்கிருந்து ஒரே ஒரு 2 ஹெச்பி மோட்டார் தெரு மேன்ஹோலுக்கு ஏற்றுகிறது. குடிவந்து மூன்று வருடம்தான், அதற்குள் மோட்டார் எரிந்து இரண்டு தடவை காயில் கட்டியாச்சு. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியும் மட்டம் இறங்கவே இல்லை, விடிந்து பார்த்தால் கார் டயர் பாதி வரை கழிவு. வாட்ச்மேன் குடும்பம் அங்கேதான் தங்கியிருக்கிறது, அந்த அம்மாதான் இரண்டு நாள் கழுவிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. 5 ஹெச்பி போடலாம் என்கிறது அசோசியேஷன். உங்கள் யோசனை?

குழாய்க்கணக்கு:
சார், மோட்டாரை விடுங்கள், மாடி வீட்டுக் கழிவு ஏன் பேஸ்மென்டுக்கு இறங்குகிறது? ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்றால் சுமார் 13,000 லிட்டர். அத்தனையையும் பள்ளத்தில் விழவிட்டு மறுபடி கரண்ட் செலவழித்து ஏற்றுகிறீர்கள், இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் 24 வீடும் மாட்டிக்கொள்ளும். தரைத்தளமும் அதற்கு மேலும் உள்ள லைன்கள் வாட்டத்திலேயே, அதாவது பம்ப் இல்லாமல் குழாயின் சரிவிலேயே, தெரு மேன்ஹோலுக்குப் போக வேண்டும், பம்ப் பேஸ்மென்ட் கழிவறைக்கு மட்டும்தான். பேஸ்மென்ட் கூரையை ஒட்டிக் குழாயைத் திருப்ப வாட்டம் கிடைக்கிறதா என்று முதலில் லெவல் எடுத்துப் பாருங்கள்.

மோட்டார் ஓடியும் மட்டம் இறங்கவில்லை என்றால் தெரு லைன் நிரம்பியிருந்திருக்கும். ஏற்றிய தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பியிருக்கும். மோட்டாரிலிருந்து தெருவுக்குப் போகும் டெலிவரி குழாயில் என்ஆர்வி, அதாவது தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு, இருக்கிறதா? அந்தக் குழாய் ரோடு மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு ஏறி அப்புறம் இறங்குகிறதா? இரண்டும் இல்லையென்றால் 5 ஹெச்பி போட்டாலும் தெருத் தண்ணீர் உங்கள் சம்ப்புக்குத்தான் வரும். இன்னொன்று, கார் இறங்கும் சரிவில் வரும் மழைநீர் இதே சம்ப்பில் விழுந்தால் அதற்குத் தனிக் குழி, தனி மோட்டார் வையுங்கள், மழைநீரைக் கழிவுநீர் லைனில் விடவே கூடாது.

பெருங்குடி மெயின்டனன்ஸ்:
நான் பன்னிரண்டு வருடமாக அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒரு மோட்டார் எப்போதும் போதாது, இரண்டு வேண்டும், மாறி மாறி ஓடும்படி பேனலில் (மோட்டார் கன்ட்ரோல் பெட்டி) செட் பண்ண வேண்டும், ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும். பேனலை பேஸ்மென்டில் வைக்காதீர்கள், 2015 வெள்ளத்தில் முதலில் போனது அதுதான், மேலே ஏற்றி ஜெனரேட்டர் லைனிலும் சேருங்கள்.

காயில் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஃப்ளோட், அதாவது தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கி மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மிதவை சுவிட்ச். சமையலறை எண்ணெய் அதன் மேல் மெழுகு மாதிரி கட்டிக்கொண்டு தொங்கும், தண்ணீர் வற்றினாலும் அது கீழே சாயாது, மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகும். மாதம் ஒரு தடவை மேலே தூக்கித் துடைக்க வேண்டும். நாப்கின், டயப்பர், ஈரத் துணி மாதிரி இருக்கும் வைப்ஸ், இதையெல்லாம் வீட்டிலேயே நிறுத்துங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் தம்பி. மோட்டார் அடைத்தால் யாரையும் சம்ப்புக்குள் இறக்காதீர்கள், ஐந்து நிமிஷம்தானே என்று கூட இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராது, ஆள் மயங்கி விழுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது, மனிதர்களைக் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும் கூட. கைடு ரெயில் (மோட்டார் ஏறி இறங்கும் நிலைக்கம்பி), சங்கிலி போட்டுவிட்டால் மோட்டாரை மேலே நின்றபடியே தூக்கிவிடலாம். புதிதாக எதைப் போட்டாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மடிப்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை பிளம்பரோடு பார்த்தோம். என்ஆர்வி இருக்கிறது, ஆனால் உள்ளே மாப் நூல் சுற்றி மூடவே இல்லை. ரோடு மட்டத்துக்கு மேலே வளைவும் இல்லை. சரிவுத் தண்ணீர் நேராக இதே சம்ப்புக்குத்தான் வருகிறது. போன தடவை அடைத்தபோது உள்ளே இறங்கியவர் வாட்ச்மேன் என்று இப்போதுதான் தெரிந்தது. மூடிக்குப் பூட்டு போட்டுவிட்டேன், சாவி என்னிடம். வாட்டத்தில் திருப்ப லெவல் எடுக்க நாளை ஆள் வருகிறார், அளவு கிடைத்ததும் இங்கே போடுகிறேன், குழாய்க்கணக்கு சார் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.